பானையை வற்றவைத்தவர் யார்?

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலே வேலப்பன்சாவடி என்றோர் ஊர். சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். உலகமே ஒரு சாவடி, வந்தவர் போயே தீரவேண்டும் என்று உபதேசிப்பார் வேதாந்தி. ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒன்று கேட்போம்: அடுத்து வருவோனுக்குப் பானையில் நீர் வைத்துவிட்டுப் போகிறோமா?

2019 ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பானை வற்றியது. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கமும், பூண்டியும், சோழவரமும், புழலும் வறண்டு கிடந்தன. மழை வேண்டி வேள்வி நடத்துக என்று கோயில்களுக்குச் சுற்றறிக்கை சென்றது. நீர் கொணர்ந்ததோ வேள்விப் புகையன்று. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த புகைவண்டி!

அந்த வண்டி ஓர் உண்மையையும் ஏற்றி வந்தது. நகரம் நிற்கும் இடம் வேறு. அதன் காலடி பதியும் இடம் வேறு. கிருஷ்ணை நீர், வீராணத்து நீர், புறநகர்க் கிணற்று நீர் அத்தனையின் மீதும் சென்னையின் காலடி பதிந்திருக்கிறது.

மனித குலத்தின் காலடியையே அளக்க, கனடா நாட்டில் வில்லியம் ரீசும் மாத்திஸ் வாக்கர்னாகலும் 1990களில் கணக்கொன்று வகுத்தனர். நாம் உண்பதையும் உடுப்பதையும் விளைவிக்க, நாம் விடும் கரியமில வாயுவை ஈர்க்க, எவ்வளவு விளைநிலமும் காடும் கடலும் வேண்டும் என்பதே அக்கணக்கு. குடிநீரை அது தனியே அளப்பதில்லை. எனினும் கேள்வி ஒன்றுதான். விடை என்ன? ஏறத்தாழ 1.7 பூமிகள் தரக்கூடியதை நாம் செலவிடுகிறோம். இருப்பதோ ஒன்று! வட்டியில் வாழவேண்டியவர் முதலையே விழுங்குகிறோம்.

ஏழை பெற்ற பிள்ளைகளால் வந்த வினை இது என்பர் சிலர். கணக்கு அப்படிச் சொல்லவில்லையே! அமெரிக்கரைப்போல் அனைவரும் வாழ்ந்தால் ஏறத்தாழ ஐந்து பூமிகள் வேண்டும். இந்தியரைப்போல் வாழ்ந்தால் ஒன்றே போதும். அந்த 'இந்தியர்' என்ற சராசரிக்குள்ளும் மாளிகை உண்டு, குடிசை உண்டு. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்பவளையும், புல்தரைக்குக் குழாயைத் திறந்து விடுபவனையும் ஒரே சராசரியில் அடைப்பது நீதியா?

பிறப்பைக் காட்டிப் பங்கு பிரித்த அநீதியை மறுத்தவர்கள் நாம். பணத்தைக் காட்டிப் பங்கு பிரிப்பதை மட்டும் ஏற்போமா? பிறவாத தலைமுறைக்கோ வாக்குச்சீட்டும் இல்லை, வாயும் இல்லை. அவர்களுக்காகவும் நாமே பேசவேண்டும்.

தோழர்களே! படியளப்பவன் பரமன் என்று காத்திருந்தது போதும். நாமே அளப்போம். மிகுதியாய் எடுப்போனைக் குறைக்கச் சொல்வோம். இல்லாதோன் பங்கைக் கேட்டு வாங்குவோம். அளவுகோலைத் தந்தது பகுத்தறிவு. அதைப் பிடிக்கும் கை சமத்துவத்தின் கையாக இருக்கட்டும்!