சூளையும் கிடங்கும்

சூளைக்குள் கறுப்பாகப் போன பச்சைப் பானை சிவப்பாக வெளியே வருகிறது. போனதும் வந்ததும் ஒரே பானைதானா? இந்தியத் தத்துவ மரபுகளான வைசேடிகத்தையும் நியாயத்தையும் சேர்ந்த வைசேடிகரும் நையாயிகரும் இதை வைத்து நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். சூட்டில் பானை அணு அணுவாகக் கழன்று, அணுக்களின் நிறம் மாறி, அவை மறுபடி கூடிப் புதுப் பானை ஆகிறது என்பது வைசேடிகர் கட்சி. பீலுபாகம் என்று அதற்குப் பெயர், பிரசஸ்தபாதர் விளக்கியிருக்கிறார். பானை கலையவே இல்லை, முழுசாக இருந்தபடியே நிறம் மாறியது என்பது நியாயத்தின் பிடரபாகம். பானைக்கு இத்தனை வாதமா என்று தோன்றலாம்.

1976இல் பாகிஸ்தானில் இதே கேள்வி உயிர்ப்பிரச்சினையாக வந்தது. டி.டி.டி.க்குக் கொசுக்கள் மசியாமல் போனதால் மலேரியா ஒழிப்புத் திட்டம் மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லிக்கு மாறியிருந்தது. பாலூட்டிகளுக்கு அதிகக் கெடுதல் செய்யாது என்று பெயர் வாங்கிய மருந்து அது. ஆனால், மருந்து தெளித்த சுமார் 7,500 பேரில் ஏறக்குறைய 2,800 பேருக்கு விஷம் ஏறியது. 5 பேர் இறந்தார்கள். கையுறை, உடை, கழுவுவது எல்லாவற்றிலும் அசட்டை இருந்தது உண்மைதான். அதோடு, அவர்கள் கையாண்ட தூளிலேயே ஐசோமாலத்தியான் சேர்ந்திருந்தது.

இது யாரும் கலந்த கலப்படம் அல்ல. கிடங்கில் வெப்பம் ஏறும்போது, தூளிலுள்ள தாங்குபொருட்களும் துணைசெய்ய, மாலத்தியான் மூலக்கூறில் ஆக்சிஜனோடு ஒட்டியிருந்த மீத்தைல் தொகுதி கந்தகத்துக்குத் தாவி, அது ஐசோமாலத்தியான் ஆகிறது. அவ்வளவுதான். ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. வைசேடிகர் சொன்னதுபோல அணுக்களின் குணமும் மாறவில்லை. நையாயிகர் சொன்னதுபோல பொருள் முழுசாக நிலைக்கவும் இல்லை. மாறியது யார் யாரோடு ஒட்டியிருக்கிறார் என்பது மட்டும்.

இதைவிடச் சிக்கலானது அடுத்த கட்டம். நம் உடலில் மாலத்தியானை உடைத்துச் செயலிழக்க வைக்கும் நொதிகள் உண்டு. ஐசோமாலத்தியான் அந்த நொதிகளையே முடக்கிவிடுகிறது. அதனால் துளியும் மாறாமல் மிச்சமிருக்கும் மாலத்தியானும் கொடிய விஷமாகிவிடுகிறது! அந்த மாலத்தியானைத் தனியே பிரித்துச் சோதித்தால் பழையபடிதான் இருக்கும். அப்படியானால் அதன் நச்சுத்தன்மை எங்கே குடியிருக்கிறது? குணம் பொருளைச் சார்ந்தே நிற்கும் என்பது வைசேடிகத்தின் அடித்தளம். இங்கே அது ஆட்டங்காண்கிறது: பக்கத்தில் இருப்பதும், உள்வாங்கும் உடம்பும் சேர்ந்துதான் இந்தக் குணத்தை ஆக்குகின்றன. இன்னொரு தத்துவ மரபினரான சாங்கியர் குறுக்கிட்டு, காரியம் காரணத்தில் முன்பே ஒளிந்திருந்தது என்பார். ஒளிந்திருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், எந்தக் கிடங்கில் அது வெளிப்படும் என்பதற்குச் சாங்கியத்தில் பதில் இல்லை.

குளிர் செய்யும் மாற்றம் வேறு வகை. திரவ மருந்தில் படிகம் உறையும், அடியில் வண்டல் தங்கும். சிலவற்றில் வெதுவெதுப்பாக்கிக் குலுக்கினால் பழையபடி கரைந்துவிடும். நியாயத்துக்கு இங்கே வெற்றி என்று சொல்லலாம். ஆனால் தொங்கல் திரவத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் குலுக்கலுக்கும் அது மசியாது, தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

சோதனைக்கூடத்தின் வழக்கம் இன்னும் சுவாரசியமானது. மருந்தை 54 டிகிரி செல்சியஸில் 14 நாள் வைத்து, அதைக் கிடங்கின் நெடுங்காலத்துக்கு ஈடாகக் கொள்கிறார்கள். வெப்பத்தைக் காலமாக மாற்றிக் கணக்கிடும் இந்தத் துணிச்சலைப் பார்த்தால் எந்தத் தரிசனக்காரருக்கும் பொறாமை வரும். சோதனை முடிவில், தொடக்கத்தில் இருந்த செயல்பொருளில் 95 சதவீதமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அதுவரை அது அதே மருந்துதான் என்பது நடைமுறைத் தீர்ப்பு. மாலத்தியானுக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. உலக சுகாதார அமைப்பின் தர விவரக்குறிப்பு, எவ்வளவு மிஞ்சியது என்பதோடு எவ்வளவு ஐசோமாலத்தியான் இருக்கலாம் என்பதற்கும் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது.