தொப்பியும் அபாயாவும்

1905 ஆம் ஆண்டு மே மாதத்தில், யாழ்ப்பாணத்து முஸ்லிமான அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் கொழும்பு உயர் நீதிமன்றிலே துருக்கித் தொப்பியணிந்து தோன்றினார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதனை ஆட்சேபித்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றாது மன்றினின்றும் வெளியேறினார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முதலியோர் முன்னின்று கிளர்ச்சியை நடத்தினர். அவ்வாண்டின் இறுதி நாளன்று மருதானைப் பள்ளிவாசலிலே பெருந்திரளான மக்கள் கூடினர். முடிவில் நீதிமன்றம் இணங்க நேர்ந்தது.

இத்தொப்பியின் வரலாறு சுவையானது. எந்த வேதநூலும் அதனை விதிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், துருக்கி சுல்தான் ஒருவர் தமது சீர்திருத்தங்களுள் ஒன்றாகத் தலைப்பாகைக்குப் பதிலாகப் புகுத்தியது அது. 1925 இல் துருக்கியே அதனைச் சட்டத்தால் விலக்கிவிட்டது. ஆயினும், ‘உன் மார்க்கத்தில் இது உண்டா?’ என்று அப்துல் காதரைக் கேட்பது பொருத்தமாகுமா? அவர் தலையில் இருந்த துணிக்குப் பொருள் தந்தது அந்நிய ஆட்சியின் நீதியாசனமே. கழற்று என்று அது பணித்த கணத்திலே தொப்பி ஒரு சமூகத்தின் மானமாயிற்று.

இக்கதையைத் தமிழ் வாசகர் மகிழ்ச்சியோடு படிப்பர். 2018 ஏப்ரலில் திருகோணமலையில் நிகழ்ந்ததை அத்துணை மகிழ்ச்சியோடு படிக்க எம்மால் இயலாது. இந்து மகளிர் பாடசாலை ஒன்றிலே முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிராக வீதியில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறிடங்களுக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டனர். அவர்களுக்கு அவ்வுரிமை உண்டென மனித உரிமைகள் ஆணைக்குழு கூறிய பின்னரும், 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை திரும்பி வந்தபோது எதிர்ப்பு மீண்டும் மூண்டது. இம்முறை நீதியாசனத்தில் அமர்ந்திருந்தவர்கள் நாமே.

‘உங்கள் தாய்மார் சேலைதானே உடுத்தனர்? அபாயா நேற்று அரபு நாட்டிலிருந்து வந்ததன்றோ?’ என்று எமது ஆசிரியர் ஓய்வறையிலும் அப்போது கேட்டார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. நான் அன்று வாய் திறக்கவில்லை. ‘சேலையே எமது பண்பாடு’ என்ற சொல் என்னையும் கட்டிப்போட்டது. ஆனால் யாருடைய பண்பாடு? யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதி ஆடவர் தோளிற் சால்வை இடவும், அவர்தம் பெண்டிர் மேலாடை அணியவும் தடுக்கப்பட்டிருந்தனர். அத்தடையும் பண்பாட்டின் பெயராலேயே காக்கப்பட்டது. ஒருவரை உடுக்கவிடாத அதே அதிகாரந்தான் மற்றொருவரை இன்னதையே உடு என்கிறது.

2019 மே இறுதியில் அரசாங்கமும் இதே மொழியிற் பேசிற்று. ஏப்ரற் குண்டுவெடிப்புகளை அடுத்து, பெண் அரச ஊழியர் சேலை அல்லது ஒசரியே அணிதல் வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பின் காரணமாக அடுத்த மாதமே அதனைத் திருத்தினர். குண்டு வைத்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள்; சட்டம் தேடிச் சென்றதோ பெண்களின் உடுப்பை!

முற்போக்காளர் சிலர் வேறொரு நியாயம் சொல்வர்: பெண்ணை மூடும் உடை ஆணாதிக்கத்தின் சின்னம், அதனை நாம் ஆதரிக்கலாமா? இவ்வினாவை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். வீட்டாரின் வற்புறுத்தலால் முக்காடிடும் மாணவியர் உளர். எனினும் ஈரானைப் பாருங்கள். 1936 இல் ரெசா ஷாவின் ஆணைப்படி பொலிஸார் தெருவிலே பெண்களின் முக்காட்டைப் பறித்தனர். வீட்டைவிட்டு வெளிவராது அடங்கிய பெண்கள் பலர். 1979 புரட்சியின் பின் வந்த ஆட்சி முக்காட்டைக் கட்டாயமாக்கிற்று. 2022 இல் அதனை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினர். இவ்விரு ஆணைகளையும் பிறப்பித்தவர்கள் ஆண்கள். எந்த ஆணைக்கும் முன்னர் பெண்ணிடம் எவரும் கேட்கவில்லை.

அபாயாவை மனத்தால் விரும்பாத ஒரு மாணவி நாளை என் வகுப்பில் இருக்கக்கூடும். தன் வீட்டாருக்கு எதிராக அவள் துணை தேடினால் யாரிடம் வருவாள்? தன் ஆசிரியையை வாயிலில் மறித்தவர்களிடமா, அதைப் பார்த்து வாளாவிருந்த என்னிடமா?