இரண்டு அணில்கள்

சேதுவில் மணல் சுமந்த அணிலின் முதுகில் ராமன் தடவிய மூன்று கோடுகள், நோக்கத்துக்குக் கிடைத்த கூலி. அது சுமந்த மணலால் அணை ஒரு விரற்கடைகூட உயர்ந்திருக்காது. நம் விமர்சனத்திலும் இந்த அணிலுக்குத்தான் செல்வாக்கு. நல்ல எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்லிவிட்டால் மோசமான நாவலும் கரையேறிவிடுகிறது.

முதுகில் கோடுள்ள அணில் வேறொன்றும் உண்டு. மேற்கு அமெரிக்காவில், சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே விரியும் வறண்ட மேட்டுநிலங்களில் பிட்டர்பிரஷ் என்றொரு புதர் வளர்கிறது. ரோஜாக் குடும்பம்தான், பகட்டு கிடையாது. ஏறக்குறைய ஆள் உயரம், நுனியில் மூன்று பல் வெட்டிய சிறு இலை, ஐந்திதழ் மஞ்சள் பூ. இலை கசக்கும். பனிக்காலத்தில் மான்களுக்கு அந்தக் கசப்புதான் தீனி. 1806இல் இதைச் சேகரித்தவர் மெரிவெதர் லூயிஸ். பர்ஷியா என்ற தாவரவியல் பெயரில் நிலைத்திருப்பவரோ, 1814இல் லண்டனில் புத்தகம் போட்டு இதை வர்ணித்த பர்ஷ். (பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாய்க்கின்றன.)

உதிர்ந்து மண்மேல் கிடக்கும் விதை அநேகமாக முளைப்பதில்லை. சிப்மங்க் என்கிற கோடுபோட்ட சிற்றணிலும் சில எலிகளும் விதைகளை வாயில் அடக்கிக் கொண்டுபோய் அங்கங்கே சிறு குழிகளில் புதைத்து வைக்கின்றன, பிறகு தின்பதற்கு. மறந்துபோனவை, வைத்த பிராணி செத்ததால் கேட்பாரற்றுப் போனவை, குளிர்காலம் கடந்து கொத்துக்கொத்தாக முளைக்கின்றன. (வங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், அங்கே எதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை.)

நோக்கம் பதுக்கல், விளைவு ஒரு மலைச்சரிவு முழுக்கப் புதர். நல்லெண்ணம் ஒன்றே நிபந்தனையின்றி நல்லது என்ற கான்ட்டிடம் போனால் சிப்மங்குக்கு ஒரு கோடும் கிடைக்காது. தனிமனிதத் தீமைகளே பொது நன்மைகள் என்ற மாண்டவில் முதுகு முழுக்கக் கோடு போட்டுவிடுவார். அவருடைய தாராளம் எனக்கு உவப்பாயில்லை. பதுக்கல்காரர்களுக்கெல்லாம் அது சான்றிதழாகிவிடுகிறது. அணில் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. பாராட்டையும் நன்றியையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. பாராட்டுக்குச் செய்தவனின் மனம் வேண்டும். நன்றிக்குப் பெற்றவனின் மனம் போதும்.

அப்படியானால் நோக்கமில்லாத தீமைக்கு யாரைக் கேட்பது? சீட்கிராஸ் என்கிற புல் 19ஆம் நூற்றாண்டில் யுரேஷியாவிலிருந்து தானியத்தில் கலந்து இதே நிலங்களுக்கு வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. கால்நடைகள் அளவுமீறி மேய்ந்த இடங்களில் பரவியது. கோடை தொடங்கும்போதே காய்ந்து தீக்கு வழிவிடுகிறது. தீயில் பிட்டர்பிரஷ் பெரும்பாலும் மாண்டுபோகிறது. முதலில் கொண்டுவந்தவனைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தன் மறதி என்ன செய்தது என்று அணிலுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, மனிதனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு சும்மா இருப்பதை ‘நோக்கமில்லை’ என்ற கணக்கில் எழுத முடியாது.

ஐடஹோவில் எரிந்த சரிவுகளில் தன்னார்வலர்கள் பிட்டர்பிரஷ் நாற்று நடுகிறார்கள். நட்டதோடு கோடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்தான். அடுத்த வருஷம் எத்தனை பிழைத்திருக்கிறது என்று மறுபடி மேடேறிப் போய் எண்ண வேண்டியிருக்கிறது.