குழிந்த மார்பும் கிறீஸ்தவ மனச்சாட்சியும்



சில பிள்ளைகளுக்கு மார்பின் நடுவிலுள்ள எலும்பு முதுகெலும்பை நோக்கி உள்ளே பதிந்து வளருகிறது. விலா எலும்புகளை அதனோடு இணைக்கும் குருத்தெலும்புகள் ஒழுங்கு தப்பி வளருவதால் இப்படியாகிறதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஏறக்குறைய 300 அல்லது 400 பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடத்தில் அதிகம். குழந்தைப் பருவத்தில் சிறு பள்ளமாய்த் தோன்றுவது, பையன் மளமளவென்று உயரும் 12, 13 வயதில் ஆழமாகிறது. சரீரத்தைப் பற்றிய வெட்கம் பிறக்கிறதும் அதே வயதில்தான். மற்றப் பையன்கள் குளத்தில் குதிக்கும்போது இவன் சட்டையைக் கழற்றாமல் கரையிலேயே உட்கார்ந்திருப்பான்.

இப்படிப்பட்ட பிள்ளையுள்ள வீட்டில் மூன்று விதமான பேச்சுகள் எழும்பும். "சர்வேசுரன் கொடுத்த சரீரம், அதில் கத்தி வைக்காதே" என்பாள் பாட்டி. "தினமும் தண்டால் எடுத்தால் தானே சரியாகிவிடும்" என்பார் தகப்பன். "உயிருக்கு ஆபத்தில்லாத காரியத்துக்கு ஆபரேஷன் எதற்கு? அது அழகு பார்க்கிற வீண் ஆசையல்லவா?" என்பார்கள் அயலார். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாய் நிதானித்துப் பார்ப்போம்.

முதலாவது, பாட்டியின் பேச்சு. சர்வேசுரன் அனுமதித்ததையெல்லாம் அப்படியே விட்டுவைக்க வேண்டுமென்பது கிறீஸ்தவ போதனையல்ல. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமோ பெற்றோர் பாவமோ காரணமென்று கேட்டார்கள். நமது ஆண்டவர் இரண்டையும் மறுத்து அவனுக்குப் பார்வை கொடுத்தார். ஆகையால் பிள்ளையின் குறைக்கு யார் செய்த பாவமென்று தேடுகிற வீடு தேடுவதை இன்றே நிறுத்தலாம். அன்றியும், அர்ச். அகுஸ்தீன் தமது தேவ நகரம் என்னும் நூலின் கடைசிப் பாகத்தில், உயிர்த்தெழும் சரீரங்களில் அங்கவீனங்கள் நீங்கிப்போகுமென்றும், வேதசாட்சிகளின் காயத் தழும்புகளோ மகிமையாய் விளங்குமென்றும் கற்பிக்கிறார். முடிவிலே சர்வேசுரன் தாமே நீக்கப்போகிற குறையை, இப்போது நியாயமான வழியில் நீக்க முயல்வது அவருக்கு விரோதமாகாது.

இரண்டாவது, தகப்பனின் பேச்சு. தேகாப்பியாசம் நல்லதே. அர்ச். சின்னப்பரும் அதைப் பிரயோசனமற்றதென்று தள்ளவில்லை. பக்திக்கு அடுத்தபடியில் வைக்கிறார். ஆனால் அதனால் ஆகிறது எது, ஆகாதது எது என்று அறிந்திருக்க வேண்டும். தண்டாலும் நீச்சலும் மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் திரட்டும். கூனிய தோளை நிமிர்த்தும். மூச்சு வாங்காமல் ஓடப் பழக்கும். பள்ளத்தின் இரு பக்கத்துச் சதையும் தடித்து முதுகும் நிமிரும்போது, இலேசான குழிவு பார்வைக்குக் குறைந்துபோவதும் உண்டு. ஆழப் பதிந்த எலும்பையோ தசை வெளியே இழுத்துக்கொண்டு வராது. இதையறியாத தகப்பன், ஒரு வருஷம் தண்டால் எடுத்தும் பள்ளம் மாறாத மகனைச் சோம்பேறியென்று வைவார். பையனும் தன்மேல்தான் குற்றமென்று நம்பிவிடுவான். எலும்பின் குறைக்குப் பையனைத் தண்டிப்பது அநியாயம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மார்பு குழிந்த பிள்ளை மிக உயரமாய், மெலிந்து, கைவிரல்கள் நீண்டிருந்தால், மார்ஃபான் என்னும் பிறவிநோய் அவனிடத்தில் உண்டோவென்று வைத்தியர் பார்க்க வேண்டும். அந்த நோயில் இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய் விரிந்திருக்கக்கூடும். அப்படிப்பட்டவனுக்குப் பாரம் தூக்குவது ஆபத்து. எக்கோ பரிசோதனையில் இது தெரிந்துவிடும். ஆகையால் தேகாப்பியாசத்தை ஆரம்பிக்கும் முன்னே வைத்தியரைக் காண்பது உத்தமம்.

மூன்றாவது, அயலாரின் பேச்சு. ஆபரேஷன் இன்னதென்று முதலில் அறிவோம். 1949-ம் வருஷம் அமெரிக்க சர்ஜன் மார்க் ராவிச் என்பவர் விவரித்த முறையில், மார்பின் முன்பக்கத்தை அறுத்து, கோணலான குருத்தெலும்புகளை நீக்கி, நடு எலும்பை உயர்த்தி வைப்பார்கள். 1987-ம் வருஷம் வர்ஜீனியா மாகாணத்து நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் என்பவர் வேறொரு வழி கண்டார். சிறுவருடைய குருத்தெலும்பு வளைந்து கொடுக்குமாகையால், இரு பக்கவாட்டிலும் சிறு கீறல் செய்து, வளைந்த உலோகப் பட்டை ஒன்றை எலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பி, எலும்பை வெளியே தள்ளினார். பத்து வருஷ அனுபவத்தை 1998-ல் அவர் வெளியிட்ட பிறகு இந்த முறை உலகெங்கும் பரவிற்று. பட்டை இரண்டு அல்லது மூன்று வருஷம் உள்ளேயே இருக்கும். பிறகு மறுபடியும் ஆபரேஷன் செய்து அதை எடுப்பார்கள். முதல் நாட்களின் வலி கடுமையானது. பட்டை இடம் பெயர்வதும், புண்ணில் சீழ் பிடிப்பதும் உண்டு. மிக அரிதாய் இருதயமே காயப்பட்டதும் உண்டு.

குழிவின் அளவைக் கணக்கிட ஒரு வழி உண்டு. ஸ்கேன் படத்தில் மார்புக்கூட்டின் அகலத்தை, நடு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தூரத்தால் வகுப்பார்கள். அகலம் 26 சென்டிமீட்டரும் இடைவெளி 10 சென்டிமீட்டருமானால் விடை 2.6, இது சாதாரணம். இடைவெளி 6½ ஆகக் குறைந்தால் விடை 4. மூன்றே காலுக்கு மேற்பட்டதைக் கடுமையென்பார்கள். சிலருக்கு இருதயம் இடப்பக்கம் ஒதுக்கப்பட்டு, ஓடும்போது மூச்சுத் திணறும். அநேகருக்கு ஒரு தொந்தரவும் இராது. ஆபரேஷனால் மூச்சுக்கு எவ்வளவு நன்மையென்பதில் வைத்தியர்களே ஒருமனப்படவில்லை. 2019-ல் இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய இலாகா, இந்த ஆபரேஷனுக்கு வழக்கமாய்ப் பணம் கொடுப்பதில்லையென்று தீர்மானித்தபோது, அந்நாட்டு சர்ஜன்கள் பலர் எதிர்த்து வாதாடினார்கள்.

மூச்சுக்காகச் செய்வது சரி, வெட்கத்துக்காகச் செய்யலாமா என்று கேட்பீர்கள். பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர், தாம் மரிப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1958-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, இத்தாலிய உருத்திருத்த சர்ஜன்களுக்கு இதைப்பற்றி உபதேசித்தார். சரீர அழகும் ஒரு நன்மையே. ஆத்தும நன்மைகளுக்குக் கீழ்ப்பட்ட நன்மை. கருத்து நேர்மையாயும், ஆபத்து மிஞ்சாமலும், காரணம் தகுந்ததாயும் இருந்தால் உருவைத் திருத்துவது பாவமல்ல. பிறரை மோகத்தில் இழுக்கவோ, குற்றவாளி நீதிக்குத் தப்பவோ உருமாறுவதுதான் விலக்கப்பட்டது. மனுஷர் நடுவில் ஒளிந்து வாழும்படி செய்கிற வெட்கம் உண்மையான வேதனை. மற்றவர்களைப்போல் நிமிர்ந்து நிற்க விரும்புகிற பையனை அகங்காரி என்று சொல்லுவது தகாது.

ஆனால் செய்யலாம் என்பது வேறு, செய்தே தீரவேண்டும் என்பது வேறு. அதே பாப்பரசர் 1957-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி போதித்தபடி, உயிரைக் காப்பதற்குங்கூட, தனக்கோ பிறருக்கோ மிகப் பாரமான வழிகளைக் கையாள ஒருவனும் கட்டுப்பட்டவனல்ல. உயிருக்கு ஆபத்தில்லாத காரியத்தில் இது எவ்வளவு அதிகம் பொருந்தும்! அக்காளின் கலியாணத்துக்கு வைத்த நிலத்தை அடகுவைத்து ஆபரேஷன் செய்ய எந்தக் கற்பனையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆபரேஷனுக்குப் பயந்து வேண்டாமென்கிற பையன் கோழையுமல்ல.

தீர்மானிக்கிறது யார்? பணம் கொடுக்கிறவர் தகப்பன். பட்டையைச் சுமக்கிறவன் மகன். புத்தி விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் அவன் சரீரத்தைப்பற்றி முடிவு செய்வது சரியல்ல. அவனைத் தனியே அழைத்து, "உன்னை வருத்துவது எது? மூச்சா, வெட்கமா, மற்றவர்களின் வாயா?" என்று கேளுங்கள். மூச்சென்றால் வைத்தியர் அளந்து சொல்லட்டும். வெட்கமென்றால், தேகாப்பியாசத்தால் எவ்வளவு குறைகிறதென்று முதலில் பார்க்கலாம். ஆனால் கடுமையான குழிவுள்ளவன் சர்ஜனைக் காண்பதைத் தள்ளிப்போடலாகாது. எலும்பு வளைந்து கொடுக்கும் வயது காத்திராது. ஆபரேஷன் செய்துகொண்டாலும் பிறகு தேகாப்பியாசம் தேவையே. மற்றவர்களின் வாயென்றால், அதற்குச் சிகிச்சை செய்ய வேண்டியவர்கள் நாம்.

ஆம், பங்கு மக்களே, ஒரு பையனுக்குக் "கிண்ணம்" என்று பட்டப்பேர் வைத்து நாலுபேர் சிரிக்கும்போது, அவன் நெஞ்சில் விழுகிற குழியை எந்தப் பட்டையும் உயர்த்தாது. சகோதரனை இகழ்ந்து பேசுகிற வாயையும் நமது ஆண்டவர் கொலை செய்யாதே என்ற கற்பனையோடு சேர்த்தே கண்டித்தார். இதை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலே சொல்லிக்கொடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது இதையும் நினைக்கச் சொல்லுங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் குமாரரில் ஒருவனை ராஜாவாகத் தெரிந்துகொள்ளப் போனபோது, தோற்றத்தைப் பாராதேயென்று ஆண்டவர் அவரைத் தடுத்ததையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆபரேஷனோ, தேகாப்பியாசமோ, இரண்டும் வேண்டாமென்று இருப்பதோ, எதைத் தெரிந்துகொண்டாலும் அந்தப் பிள்ளை மனச்சமாதானத்தோடு தெரிந்துகொள்ளட்டும். அடுத்த முறை அவன் குளத்தில் இறங்கும்போது, அவனை உற்றுப்பார்க்கிற கண் நம் பங்கில் ஒன்றும் இல்லாதிருப்பதாக.

உங்கள் பங்குக் குருவானவர்