கயிறு பிடித்தவனுக்குப் பங்கு



மாலை நேரத்தில் நமது கரையோரக் கிராமங்களின் வழியே செல்பவர்கள் ஒரு காட்சியைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். மைதானத்தில் பதினொருவர் பந்தின் பின்னே ஓடிக்கொண்டிருக்க, கோட்டுக்கு வெளியே, கழற்றி வைத்த சேட்டுகளுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவில் ஒரு பையன் அமர்ந்திருப்பான். சப்பாத்து நாடாவை அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடியும் அவிழ்ப்பான். பந்து வெளியே வந்தால் ஓடிச்சென்று எடுத்துக் கொடுப்பான். ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டுகிறவனும் அவனே. இந்தப் பையனுக்கும் அவனுடைய அணித் தலைவனுக்கும் இடையிலுள்ள கணக்கைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

"விளையாட்டு விடயந்தானே, இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். புனித தோமஸ் அக்குவைனாஸ் அப்படிக் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, தமது பெரிய இறையியல் தொகுப்பில், விளையாட்டுக்கென்றே இடம் ஒதுக்கினார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல உள்ளத்துக்கும் ஓய்வு தேவை, அந்த ஓய்வு விளையாட்டில் கிடைக்கிறது என்றார். தானும் மகிழாமல் பிறருடைய மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பவனிடம் குற்றமுண்டு என்றும் சொல்லி வைத்தார். விளையாட்டிலே நீதி அநீதிக்கு இடமில்லை என்று எண்ணுவோர், காட்ஸ் விளையாடும் நான்கு பேரின் பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்து பார்க்கட்டும்!

சில காலத்துக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, உதைபந்தாட்ட அணியொன்றின் தலைவர் என்னைத் தேடி வந்தார். ஊரையும் கழகத்தையும் சொல்வது முறையல்ல. வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும், கடற்றொழில் செய்பவர். லீக் ஆட்டங்களில் கடைசி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை நடக்கவிருந்தது. கதிரையின் நுனியில் அமர்ந்துகொண்டு அவர் சொன்னதை அவருடைய வாய்மொழியிலேயே தருகிறேன்.

"பாதர், ஒரு பெடியன் இருக்கிறான். ஒருநாளும் பயிற்சிக்கு வராமல் விட்டதில்லை. இந்தமுறை ஒரு மட்சிலைகூட அவனை முழுசா இறக்கேல்லை. இறக்கினா அந்தப் பக்கத்தாலை ஓட்டை விழும். வெண்டாத்தான் அடுத்த சுற்று. ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்குது. அவன் வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்லை, அதுதான் எனக்குக் கரைச்சலாக் கிடக்கு. நான் செய்யிறது சரியோ, பிழையோ?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'இதில் பாவமொன்றுமில்லை, போய் வாரும்' என்று அனுப்பியிருக்கலாம். பாவமில்லைத்தான். ஆனால் பாவமில்லாததெல்லாம் நீதியாகிவிடுமா?

முதலில் அந்தத் தலைவரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது இலேசான பக்கமல்ல. நமது குடாநாட்டில் உதைபந்தாட்டக் கழகம் என்பது பொழுதுபோக்குச் சங்கம் மட்டுமன்று. குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், இளவாலை யங்ஹென்றிஸ், ஊரெழு றோயல் என்று பெயர்களை அடுக்கும்போதே ஒவ்வோர் ஊரின் முகமும் நம் கண்முன் வந்து நிற்கிறது. இடம்பெயர்வும் அழிவும் கண்ட மண் இது. மயிலிட்டி மக்கள் 1990இல் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். துறைமுகமும் நிலத்தின் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். இத்தகைய மண்ணில் ஊரின் பெயரைத் தாங்கிய சேட்டை அணிந்து வெல்வது சிறு காரியமா? துரையப்பா விளையாட்டரங்கின் ஓரத்தில் நின்று தொண்டை கட்டக் கத்துகிற முதியவரிடம் போய், வெற்றி முக்கியமில்லை, பங்குபற்றுவதே முக்கியம் என்று சொல்லிப் பாருங்கள்!

அந்தத் தலைவருக்குத் துணையாக அரிஸ்ரோட்டிலும் வருவார். குழல்களைப் பங்கிட வேண்டுமானால் யாருக்கு நல்ல குழலைக் கொடுப்பது என்று 'அரசியல்' என்னும் நூலிலே அவர் கேட்கிறார். உயர்குடியில் பிறந்தவனுக்கா? அழகனுக்கா? இல்லை, நன்றாகக் குழலூதுபவனுக்கே கொடுக்க வேண்டும். குழல் இருப்பது ஊதுவதற்காகத்தானே என்கிறார். அப்படியானால் அணியிலே இடம் நன்றாக விளையாடுபவனுக்கே உரியது. இதில் எந்தப் பிழையும் காண முடியாது. பெரிய இடத்துப் பிள்ளை என்றும், தலைவரின் மச்சான் என்றும் இடம் கொடுக்கிற கழகங்கள் இந்தக் குழல் கதையைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

ஆனால் நான் அந்த இளைஞரிடம் வேறொன்றைக் கேட்டேன். "தம்பி, கழகத்துக்கு மாதச் சந்தா எவ்வளவு?" சொன்னார். "அந்தப் பெடியன் கட்டுகிறானா?" "ஓம் பாதர், நேரத்துக்குக் கட்டுறவன் அவன்தான்." "உங்களுடைய கோல் அடிக்கிற வீரரும் அதே காசுதானே?" அவர் சிரித்துவிட்டார். அவர்தான் மூன்று மாத நிலுவையாம்.

வாசகர்களே, இங்கேதான் கணக்கு மாறுகிறது. அரிஸ்ரோட்டிலின் உவமையில் குழலூதுவோர் பணம் சேர்த்துக் குழல் வாங்கவில்லை. சம்பளம் கொடுத்து வீரரை வாங்கும் கழகத்தில் வீரனுக்கும் கழகத்துக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் அவனுக்கு ஊதியம் வருகிறது. நமது ஊர்க் கழகத்திலோ ஊதியம் என்று ஒன்றில்லை. விளையாடுவதுதான் ஊதியம். அதைப் பதினொருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சந்தாவையும் உழைப்பையும் பதினெட்டுப் பேரிடம் வாங்கினால், மீதி ஏழு பேருக்குக் கழகம் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர் தலைவரே, ஏனென்றால் பங்கிடுகிற கை அவருடைய கை.

கரைவலை இழுப்பதைப் பாருங்கள். வலையைக் கடலிலே வளைத்து விட்டபின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலே நின்று பலர் இழுக்கிறார்கள். நெஞ்சு அகன்ற இளைஞனும் இழுக்கிறான், அறுபது கடந்த கிழவரும் இழுக்கிறார், கயிற்றின் வாலில் தொங்குகிற சிறுவனும் இழுக்கிறான். மடி கரைக்கு வந்து மீன் விற்றதும், செலவு கழித்து, சம்மாட்டியின் பங்கு போக மீதி இழுத்தவர்களுக்குப் பங்காகிறது. எல்லோருக்கும் ஒரே அளவென்று நான் சொல்லவில்லை. கயிறு பிடித்தவன் வெறுங்கையோடு வீடு போவதில்லை, அவ்வளவே. (இப்போது சில கரைகளில் உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கிறது. அது பங்கு கேட்பதில்லை என்பதே அதன் பெரிய வசதி போலும்.) திராட்சைத் தோட்டத்து உவமையை இங்கே கொண்டுவருவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். கொண்டுவரவில்லை. அந்தத் தோட்டக்காரர் கொடுத்தது கொடை; நான் பேசுவது கடனைப் பற்றி.

நம் பழைய விளையாட்டுக்களில் இந்தச் சிக்கல் அதிகமில்லை. கிளித்தட்டில் ஒவ்வொரு கோட்டையும் மறிக்க ஓர் ஆள் வேண்டும். பலவீனன் என்பதற்காகக் கோட்டை வெறுமையாக விட முடியாது. அவனை எந்தக் கோட்டில் நிறுத்துவது என்பதில்தான் தலைவனுடைய மூளை வேலை செய்யும்.

இதே குணமுள்ள ஒரு விளையாட்டு, நம் உறவினர் பலர் குடியேறியிருக்கும் கனடாவிலே பெரும் வழக்கில் உள்ளது. கேர்லிங் என்பது அதன் பெயர். ஸ்கொட்லாந்திலே தோன்றியது. ஏறத்தாழ 20 கிலோ நிறையுள்ள, கைபிடி வைத்த கருங்கல்லை 45 மீற்றர் வரை நீளமான பனித்தளத்தில் வழுக்கிச் செல்லவிட்டு, மறுமுனையில் வரைந்த வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். 1998இல் ஜப்பானின் நாகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து ஆண்களும் பெண்களும் அதில் பதக்கத்துக்காக விளையாடி வருகிறார்கள். ஆனாலும் அதன் உயிர் இருப்பது, வேலை முடிந்து மாலையில் வந்து லீக் ஆட்டம் விளையாடும் சாதாரண மக்களிடத்திலேதான்.

பக்கத்துக்கு நால்வர். ஒரு சுற்றுக்கு எட்டுக் கற்கள், ஆளுக்கு இரண்டு. தலைவரை 'ஸ்கிப்' என்று அழைக்கிறார்கள். கப்பலோட்டியைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது. பாய்க்கப்பல் நாட்களில் வல்வெட்டித்துறையார் தண்டையல் என்று சொன்னார்களே, அதுபோல. இந்தத் தண்டையல் தம் ஆட்கள் எறியும்போது மறுமுனையில் நின்று, துடைப்பத்தை ஊன்றி, 'இந்தக் குறிக்கு விடு' என்று காட்டுகிறார். வழக்கமாகக் கடைசி இரண்டு கற்கள் அவருடையவை. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் இன்னொருவருடைய கல்லை அவர் எறிந்துவிட முடியாது. தொடங்கிய ஒழுங்கை ஆட்டத்தின் நடுவில் மாற்றவும் முடியாது. நால்வரில் ஒருவர் புதியவர், கை நடுங்குகிறவர் என்றாலும் எட்டில் இரண்டு கற்கள் அவருக்கே. ஆகவே ஸ்கிப் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த மனிதரால் முடிந்த எறியை அவரிடம் கேட்பது. வட்டத்துக்கு முன்னால் காவலாக ஒரு கல்லை நிறுத்தச் சொல்லலாம். பின்னால் வருபவர்கள் அதன் மறைவில் தங்கள் கற்களை வைத்துக்கொள்வார்கள். அவர் விட்ட கல் வேகம் குறைந்து வந்தால் தோழர் இருவர் அதன் முன்னே ஓடி ஓடிப் பனியைத் துடைக்கிறார்கள். துடைத்தால் கல் கூடுதல் தூரம் போகும். அப்படியும் தவறிவிட்டதா? தவறிய கல் நின்ற இடத்திலிருந்து ஸ்கிப் அடுத்த திட்டத்தைத் தொடங்க வேண்டும். எறிந்தவர் நாற்பது மீற்றர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது கல்லை மட்டுமல்ல, தலைவருடைய முகத்தையும்தான். ஒருமுறை முகம் சுளித்த தலைவருக்கு அந்த ஆளிடமிருந்து அடுத்த கல் நன்றாக வருமா?

உதைபந்தாட்டத்தில் தலைவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. விரும்பாதவனை வெளியே இருத்தலாம், பருவம் முழுவதும் இருத்தலாம். உலகக் கிண்ணப் போட்டிகளிலே பதில் வீரரை இறக்க முதன்முதலில் இடம் கிடைத்தது 1970இல், மெக்சிக்கோவில். அந்த வசதியைச் சிறிய கழகங்களுக்கு விரிவாக்க வேண்டும் என்பதை ஆட்டத்தின் சட்டங்களை வகுக்கும் சர்வதேசச் சபையும் உணர்ந்திருக்கிறது. இளைஞர், மூத்தோர், அடிமட்டக் கழகங்கள் ஆகியோரின் போட்டிகளில், வெளியேறிய வீரர் திரும்பவும் களமிறங்க நாட்டுச் சங்கங்கள் அனுமதிக்கலாம் என்று 2017இல் விதி செய்தது. எல்லோரும் ஆடட்டும் என்பதற்காகவே இந்தத் தளர்வு. கதவைச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே கூப்பிடுவது தலைவருடைய வேலை.

எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் நீதி இருக்கிறது. நான்கு கோல் முன்னணியில் நிற்கும்போது கடைசி ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பையனை இறக்கிவிட்டு, 'எல்லோருக்கும் இடம் கொடுத்தோம்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் உண்டு. விருந்தினரெல்லாம் எழுந்த பின் பந்தியில் இருத்துவது போன்றது அது. பையனுக்கும் அது தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். வெற்றி தோல்வி இன்னும் தீர்மானமாகாத வேளையில், அவனால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்து இறக்குவதுதான் பங்கு. அதற்குத் தலைவர் பருவத் தொடக்கத்திலிருந்தே ஆயத்தம் செய்திருக்க வேண்டும். எளிய ஆட்டங்களில் அரை மணி, ஒரு மணி என்று ஆடியிருந்தால் கடைசிச் சனிக்கிழமை அவன் ஓட்டையாக இருந்திருக்க மாட்டான். பாதி ஓட்டை தலைவரே போட்டது. இதை அந்த இளைஞரிடம் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

இனி, மற்றப் பத்துப் பேருக்கும் உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதிகாலையில் கடலால் வந்து, இரண்டு மணி நேரம் படுத்தெழும்பி மைதானத்துக்கு ஓடிவருகிறவன், ஒருவனுடைய மனம் கோணாதிருக்கத் தன் உழைப்பெல்லாம் வீணாக வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். வெல்வதற்காகவே கூடிய அணி என்று முதல் நாளே சொல்லி, அதை ஏற்றுக்கொண்டு வெளியே இருப்பவன் இருந்தால், அவனுக்கு யாரும் கடன்படவில்லை. சொல்லாமல் சேர்த்துக்கொண்டு, சந்தாவும் வாங்கி, வலையும் சுருட்டுவித்து, கடைசியில் திறமை என்ற அளவுகோலை எடுப்பதைத்தான் பிழை என்கிறேன். அளவுகோலை முன்னரே காட்டியிருக்க வேண்டும். கணவன் மனைவிக்கிடையிலும், ஆலய சபைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும்கூட முக்காற்பங்குச் சச்சரவு இந்தக் காட்டாத அளவுகோலால்தானே வருகிறது!

என்ன செய்ய வேண்டும் என்று நான் அவருக்குக் கட்டளையிடவில்லை. அணியைத் தெரிவது குருவானவரின் வேலையன்று. அப்படித் தெரிந்தால் ஊரில் இருக்கவும் முடியாது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான் போகவில்லை. ஒரு மரண வீடு இருந்தது. திங்கட்கிழமை தலைவர் வந்தார். இடைவேளை முடிந்ததும் பையனை வலது பின்வரிசையில் இறக்கியிருக்கிறார். அப்போது ஒன்றுக்கு ஒன்று. பக்கத்தில் நிற்கிற நடுக்கள வீரரிடம், பின்னுக்கு இறங்கி அவனுக்குத் துணை நில்லும் என்று சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து நிமிடம் அந்தப் பக்கத்தால் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்கள். அடுத்த சுற்று இல்லை.

"பெடியள் ரெண்டு பேர் என்னோடை கதைக்கிறேல்லை, பாதர். நீங்கள் சொல்லித்தான் இறக்கினது எண்டும் ஒரு கதை போகுது" என்றார்.

"அந்தப் பையன்?"

"அண்டைக்கு இரவு முழுக்க அழுதவனாம், தாய் சொன்னா. நேற்றுப் பின்னேரம் பயிற்சிக்கு எல்லாருக்கும் முதல் வந்து நிண்டான். பந்துக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டான். வலது பக்கத்தாலை எப்பிடி மறிக்கிறதெண்டு திருப்பிக் காட்டச் சொன்னான், பாதர். இருட்டும்வரை காட்டிக் குடுத்தனான்."