பேசாக் குழந்தையின் வலியும் கருதலளவையும்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. நேரே காண்பது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறிவது கருதல், நம்பத்தக்க சொல்லால் அறிவது உரை. ஓர் உயிர் தன் இன்பதுன்பங்களைத் தன்னுள்ளே உணர்வதை அந்நூல் தன்வேதனைக் காட்சி எனத் தனியே பிரிக்கிறது. அவ்வாறாயின் ஒருவரது வலி பிறருக்கு ஒருபோதும் காட்சியாகாது. பெரியவரிடம் கேட்டறியலாம், மூன்று மாதக் குழந்தையிடம் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய சவ்வுகள் பெரும்பாலும் கிருமித் தொற்றால் அழற்சியுறும் மூளையுறை அழற்சியில், இந்தச் சிக்கல் ஏட்டை விட்டுச் செவிலியரின் கைக்கு வந்துவிடுகிறது.

வளர்ந்த பிள்ளை தலைவலி என்று சொல்லும், வெளிச்சத்துக்குக் கண் கூசும், கழுத்தை வளைத்தால் முழங்கால்கள் தாமாக மடங்கும்; இந்தக் கடைசிக் குறியைப் புருட்சின்ஸ்கி என்ற மருத்துவர் 1909இல் விவரித்தார். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தையிடமோ கழுத்து விறைப்பே தோன்றாமல் போகலாம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் தருக்க நூலார், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகையின்றியும் நெருப்பு உண்டு என்பதால், புகை இல்லாமையால் நெருப்பில்லை எனத் துணியலாகாது என்பர். விறைப்பு இல்லை என்று நோயை மறுப்பவர் செய்வது இதே பிழைதான். பால் குடிக்க மறுத்தல், மந்தம், கீச்சென்ற அழுகை, வாந்தி, காய்ச்சல், பச்சிளங் குழந்தையிடம் காய்ச்சலுக்கு மாறாக உடல் சில்லிடல் ஆகியவையே அங்கு ஏதுக்கள், அதாவது ஊகத்துக்கு ஆதாரமான குறிகள். உச்சிக்குழியின் புடைப்பும் அவற்றுள் ஒன்று. அழும்போதும் அது புடைக்குமாதலால், குழந்தை அமைதியாக இருக்கையில் நிமிர்த்திப் பிடித்துத் தடவிப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவ உலகில் பலர் நெடுங்காலம் நம்பியதால், பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தின்றி அறுவைகள் நடந்தன. அந்நம்பிக்கைக்கு எதிரான உடலியல் சான்றுகளை 1987இல் ஆனந்த், ஹிக்கி என்ற மருத்துவர்கள் தொகுத்து வெளியிட்டனர். சொல்ல இயலாமையை உணராமையாகக் கொண்டதே அங்கு நேர்ந்த திரிபுணர்ச்சி, அதாவது ஒன்றை மற்றொன்றாகப் பிறழ உணர்தல்.

கருதல் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என இருவகைப்படும். இரவுப் பணியிலுள்ள செவிலியர் ஏதோ சரியில்லை எனத் தாமே துணிவது முதல் வகை. அதை மருத்துவர் ஏற்கும்படி, பால் குடித்த அளவு, வெப்பநிலை, நாடித்துடிப்பு, விழிப்பு நிலை ஆகியவற்றோடு எடுத்துரைப்பது இரண்டாவது. தருக்கத்தில் ஐயம் அறிவின் குற்றம்; இந்நோயிலோ ஐயமே செயலுக்குப் போதுமான காரணமாகிறது. முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பதே நோயை உறுதிப்படுத்தும் வழியாயினும், அச்சோதனை தாமதமாகும் எனில் கிருமிக்கொல்லி மருந்தின் முதல் வேளை அதற்காகக் காத்திருக்கலாகாது. ஊசியிடுகையில் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகு வளையப் பிடிக்கும் செவிலியர், கழுத்தை மிக மடக்கி மூச்சை அடைத்துவிடாமலும் காக்க வேண்டும்.

அன்பின் வழக்கமான வடிவமும் இங்கே பொய்த்துப்போவது சிந்திக்கத்தக்கது. தூக்கினால் வீறிட்டு, கிடத்தினால் ஓயும் குழந்தையிடம், முதுகெலும்பு வளைகையில் அழற்சியுற்ற சவ்வுகள் இழுபடுவதே காரணமாகலாம். ஆகவே மடியில் போட்டுத் தாலாட்ட விழையும் தாயிடம், தொட்டுக்கொண்டு அருகிலிருப்பதே இப்போது பிள்ளைக்கு இதம் என்று விளக்க வேண்டியதாகிறது. வெளிச்சத்தையும் ஓசையையும் குறைத்தல், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திவைத்தல், தேவையான பணிகளை ஒருங்கே முடித்து இடையில் உறங்கவிடுதல், வலிப்பு வருகிறதா எனக் கவனித்தல், உட்செல்லும் நீரையும் வெளிவரும் சிறுநீரையும் அளத்தல், தலைச்சுற்றளவை நாள்தோறும் குறித்தல் என எஞ்சிய பராமரிப்பிலும் பெரும்பகுதி, கையை அடக்கிக் கண்ணைத் திறந்துவைப்பதேயாகும். நோய் தணிந்த பின்னரும் ஊகத்தின் வேலை முடிவதில்லை. காது கேளாமை இந்நோயின் அறியப்பட்ட பின்விளைவாதலால், வீடு திரும்புவதற்கு முன்போ அடுத்த நான்கு வாரங்களுக்குள்ளோ செவித்திறன் சோதிக்கப்படாவிட்டால், அந்த இழப்பு பேச்சு வர வேண்டிய வயதில் அது வராதபோதுதான் தெரியவரும்.