அனுமதி யாருடையது?

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் உரைத்து, உள்ளிருந்து பதில் வந்த பின்னரே காலெடுத்து வைப்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். அவ்வாசலில் தொங்கும் திரைச்சீலை கள்வனைத் தடுக்க வல்லதன்று. சிறு காற்றே அதனை விலக்கிவிடும். ஆயினும் அதற்கு ஒரு மதிப்புண்டு. உள்ளே இருப்போர் குற்றம் புரிகின்றனர் என்பதற்காக அது தொங்கவில்லை; அவர்கள் மானமுள்ள மனிதர்கள் என்பதற்காகவே தொங்குகிறது. "மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை; என்னைப் பற்றி எவர் எதை அறிந்தால் என்ன?" என்று சமூக ஊடகங்களைக் குறித்து இன்று பலர் கேட்கும் கேள்விக்கு, அந்தத் திரைச்சீலையே பாதி விடையாகும்.

மீதிப் பாதி, 'என்னிடம்' என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. நம்மிடம் இருப்பவை யாவும் நம்முடையவை அல்ல. நமது கைபேசியில் நண்பரின் எண் இருக்கிறது. மருமகளின் நிழற்படம் இருக்கிறது. அண்டை வீட்டாரின் துயரச் செய்தி இருக்கிறது. இவை நம்மிடம் தங்கியிருக்கும் அமானிதங்களே. அமானிதத்தைக் காப்பவனுக்குக் கடமை உண்டு. அதனை வாரி வழங்கும் உரிமை இல்லை.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2014ஆம் ஆண்டு வாக்கில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் கோகன் என்னும் ஆய்வாளர், ஃபேஸ்புக்கில் இயங்கிய வினாவிடைச் செயலி ஒன்றின் வாயிலாக மக்களின் குணநலன்களைத் திரட்டினார். கல்வி ஆய்வுக்கென்று சொல்லித் திரட்டப்பட்ட அவ்விவரங்கள், தேர்தல் பிரசாரத் தொழில் நடத்திய கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2018 மார்ச்சில் பத்திரிகைகள் இதனை வெளிப்படுத்தின. உலகெங்கும் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே மறுமாதம் அறிவித்தது.

இந்தியாவைப் பற்றி அந்நிறுவனம் தந்த கணக்கு ஆழ்ந்து நோக்கத் தக்கது. இந்நாட்டில் அச்செயலியை ஏற்றவர்கள் 335 பேர் மட்டுமே. அவர்களுடைய நண்பர்கள் என்பதனால் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,120 பேர். ஒருவர் தலையசைத்ததற்கு 1,600க்கும் மேற்பட்டோரின் வாசல்கள் திறந்துகொண்டன! நண்பர்களின் விவரங்களையும் எடுத்துக்கொள்ள அந்நாளைய ஃபேஸ்புக் விதிகள் இடமளித்தன. அவ்வழி 2015இல் அடைக்கப்பட்டது. தனியுரிமையைக் காக்கத் தவறியமைக்காக 2019 ஜூலையில் அமெரிக்க வணிக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. தண்டம் கட்டியாயிற்று. ஆனால் அந்த 335 பேரின் செயலுக்கு என்ன பெயரிடுவது? அவர்கள் வஞ்சகர்கள் அல்லர். பொழுதுபோக்காக ஒரு வினாத்தாளை நிரப்பியவர்கள். எனினும் தமக்குரியதல்லாத அனுமதியை அவர்கள் வழங்கிவிட்டார்கள்.

அனுமதி என்பதுதான் என்ன? அரபு மொழியில் அதற்கு 'இத்னு' என்று பெயர். செவியைக் குறிக்கும் 'உத்னு' என்ற சொல்லும், அறிவிப்பைக் குறிக்கும் 'அதான்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. காதில் விழுந்து, கருத்தில் பதிந்து, அதன் பின் இசைவதே அனுமதி என்னும் நுட்பத்தை இவ்வுறவு நமக்கு நினைவூட்டுகிறது. எவரும் படித்து முடிக்காத நீண்ட நிபந்தனைகளின் அடியில் விரலால் தொடுவது, கேளாதவனின் இசைவு. அவன் நண்பர்களின் நிலையோ அதனினும் இரங்கத் தக்கது. அவர்களிடம் எவரும் கேட்கவே இல்லை.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிமனித விவரங்களின் பாதுகாப்புக்கெனச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும், தனி மனிதர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவும் இல்லத் தேவைக்காகவும் கையாளும் விவரங்களை அச்சட்டம் விலக்கி வைத்துள்ளது. அது முறையே, வீட்டின் மறைவைக் காக்க வந்த சட்டம், வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்த்தல் தகாதல்லவா? ஆனால் சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில் மனச்சான்று விழித்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஏழைச் சிறுமி ஒருத்தியின் சிகிச்சைக்குப் பொருள் வேண்டும். நல்லுள்ளம் படைத்த ஒருவர் அவளுடைய முகம், முகவரி, மருத்துவச் சீட்டு யாவற்றையும் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறார். பொருள் சேர்கிறது, சிறுமி நலமடைகிறாள். ஆனால் அப்படம் ஓய்வதில்லை. அது ஊர் ஊராகச் சுற்றுகிறது. பத்தாண்டுகள் கழித்து அவளுக்கு வரன் பார்க்கும் வேளையில், அந்த நோய்ச் சீட்டு யாரோ ஒருவருடைய கைபேசியிலிருந்து எழுந்து வரலாம். உதவி பெற்ற குற்றத்துக்காக ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் அதனைச் சுமக்க வேண்டுமா?

"விவரம் இல்லையேல் ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிடுவார்களே, எதை நம்பிக் கொடுப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொடுப்பவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். ஆனால் உண்மையைச் சரிபார்ப்பது வேறு. அதனைப் பறைசாற்றுவது வேறு. மஹல்லாவில் நம்பிக்கைக்குரிய இருவர் சீட்டையும் இல்லத்தையும் நேரில் கண்டு சான்றளிக்கட்டும். குழுவினர் அவ்விருவரின் சொல்லை நம்பிக் கொடுக்கட்டும். ஆவணம் அவர்களிடமே தங்கட்டும். பணி முடிந்ததும் பெற்றோரிடம் திரும்பட்டும். இதனால் ஈகையும் குறையாது; அச்சிறுமியின் முகமும் கடைத்தெருவுக்கு வராது.

பெரு நிறுவனங்கள் நம் விவரங்களைத் திரட்டுகின்றன என்று குறை கூற நமக்கு முழு உரிமை உண்டு, கூறவும் வேண்டும். ஆயினும் அவை திரட்டுவதில் பெரும் பங்கை அள்ளிக் கொடுப்பவை நம் விரல்களே. ஒரு செயலி நம் கைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலைக் கேட்கும்போது, 'எனக்கு இதனால் தீங்கு வருமா?' என்று மட்டும் எண்ணுதல் போதாது. 'இப்பட்டியலில் உள்ளோர் இதற்கு இசைந்தனரா?' என்றும் ஒரு கணம் நின்று கேட்டல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பிறர் வாசலில் நின்று அனுமதி கேட்கக் கற்பிக்கும் நாம், பிறர் படத்தை அனுப்புமுன் அவரிடம் ஒரு சொல் கேட்கவும் கற்பிப்போமாக.